அவை விதி மாறினால் எங்கே சரிபார்ப்பது? நான்கு இலவசத் தளங்கள், ஒரு மதிப்பீடு

நாடாளுமன்றமோ சட்டமன்றமோ தன் நடைமுறை விதியை மாற்றியது என்று செய்தி வந்தால், அடுத்து எழும் கேள்வி ஒன்றுதான்: அப்படி மாற்ற அவைக்கு அதிகாரம் உண்டா? தொலைக்காட்சி விவாதத்தில் இதற்கு விடை கிடைக்காது. மூல ஆவணத்தில் கிடைக்கும். அந்த ஆவணங்கள் எல்லாமே இன்று காசில்லாமல் இணையத்தில் இருக்கின்றன. விதிப்புத்தகத்துக்கு நாடாளுமன்றத்தின் சன்சத் தளம், அரசமைப்புச் சட்டத்துக்கு மத்திய சட்டமியற்றல் துறை வெளியிடும் பிடிஎஃப், மற்ற சட்டங்களுக்கு இந்தியா கோட், தீர்ப்புகளுக்கு உச்ச நீதிமன்றத்தின் டிஜிட்டல் எஸ்சிஆர். தமிழ்நாட்டு விவகாரமாக இருந்தால் பேரவையின் தளமும் சேரும்.

நான்கில் முதல் மதிப்பெண் அரசமைப்புச் சட்ட பிடிஎஃப்புக்கு, அதுவும் அதன் அடிக்குறிப்புகளுக்காக. கடைசி இடம் சன்சத் தளத்து விதிப்புத்தகத்துக்கு. விதிப்புத்தகத்தில் பிழை இருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. அதை மட்டும் படித்தவர் தவறான முடிவுக்குப் போவது மிகச் சுலபம், அதனால்தான்.

முதலில் அந்த விதிப்புத்தகம். மக்களவையின் நடைமுறை விதிகள் ஒரே பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றன. மாநிலங்களவைக்குத் தனி நூல். விதி எப்படி மாறுகிறது என்பதை மக்களவை விதிகள் 329 முதல் 331 வரை தெளிவாகவே சொல்கின்றன. சபாநாயகர் நியமிக்கும் 15 பேர் கொண்ட விதிகள் குழு உண்டு. சபாநாயகரே அதன் தலைவர். குழுவின் பரிந்துரை அவையில் வைக்கப்படும். வைத்த நாளிலிருந்து 7 நாட்களுக்குள் எந்த உறுப்பினரும் அதற்குத் திருத்தம் கொடுக்கலாம். யாரும் கொடுக்காவிட்டால் அவை ஒப்புக்கொண்டதாகவே கொள்ளப்பட்டு, சபாநாயகர் அதைப் புல்லட்டின் என்ற அவையின் அறிவிப்பு இதழில் வெளியிடுவார். வேறு தேதி குறிப்பிடாத வரை, வெளியான நாளிலிருந்தே விதி நடைமுறைக்கு வந்துவிடும். விவாதமும் வாக்கெடுப்பும் இல்லாமலே ஒரு விதி மாறிவிட முடியும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அவை விவாதப் பதிவில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த 7 நாள் ஏற்பாட்டை அறியாதவர்கள்.

ஆகவே விதிப்புத்தகத்தை மட்டும் பதிவிறக்கினால் போதாது. அட்டையில் எத்தனையாவது பதிப்பு என்று பாருங்கள். அந்தப் பதிப்பு வந்த பிறகான புல்லட்டின் இரண்டாம் பாகத்தைத் தேடுங்கள். முதல் பாகம் அன்றன்று அவையில் நடந்தவற்றின் சுருக்கம். விதித் திருத்தம், அறிவிப்பு போன்றவை வருவது இரண்டாம் பாகத்தில். பதிப்பு முன்னுரைகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள், எந்த விதி எப்போது நுழைந்தது என்ற துப்பு பல நேரம் அங்கேதான் கிடைக்கும். மூன்றாவதாக, சபாநாயகரின் உத்தரவுகள் என்று தனியாக ஒரு தொகுப்பு இருக்கிறது. விதியில் சொல்லாத எதையும் சபாநாயகர் தன் உத்தரவால் ஒழுங்குபடுத்தலாம் என்று 389ஆம் விதி இடம் தருவதால், நடைமுறையில் பாதி விஷயம் அந்தத் தொகுப்பில் இருக்கும். கூடவே 388ஆம் விதியும் உண்டு: சபாநாயகர் இசைந்தால், குறிப்பிட்ட ஒரு தீர்மானத்துக்காக எந்த விதியையும் அவை தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். எழுதிய விதி அப்படியே இருக்க, அன்றைக்கு மட்டும் அது பொருந்தாமல் போகும். மாநிலங்களவையில் இதற்கு இணையான 267ஆம் விதி 2000இல் திருத்தப்பட்டு, அன்றைய அலுவல் பட்டியலில் உள்ள பொருள் தொடர்பாகவே பயன்படுத்தலாம் என்று சுருங்கியது. எதிர்க்கட்சிகள் கொடுக்கும் 267 நோட்டீஸ் அடிக்கடி நிராகரிக்கப்படும்போது சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று.

இவ்வளவு இருந்தும் கடைசி இடம் ஏன்? எந்த விதி அரசமைப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவுக்குக் கட்டுப்பட்டது என்று விதியின் பக்கத்திலேயே காட்டும் இணைப்பு இல்லை. வாசகர்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். விதிகளை மட்டும் தொடர்ந்து படித்தால், அவை தன் வீட்டுக்குத் தானே ராஜா என்ற எண்ணம் வந்துவிடும்.

அந்த எண்ணத்தை உடைப்பது அரசமைப்புச் சட்ட பிடிஎஃப். நாடாளுமன்றத்தின் ஒவ்வொரு அவையும் தன் நடைமுறைக்கு விதி வகுக்கலாம் என்று சொல்வது அதன் 118(1)ஆம் பிரிவு. மாநிலச் சட்டமன்றத்துக்கு அதே வாசகம் 208(1)இல் இருக்கிறது. இரண்டிலும் 'இந்த அரசமைப்பின் வகைமுறைகளுக்கு உட்பட்டு' என்ற சொற்கள் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. எல்லைக்கோடு அதுதான். அந்த எல்லை எங்கெங்கே ஓடுகிறது என்பதை ஒரே இடத்தில் பட்டியல் போட்டு யாரும் தரவில்லை. 79 முதல் 122 வரையும், மாநிலத்துக்கு 168 முதல் 212 வரையும் பொறுமையாகப் படித்து நாமே குறித்துக்கொள்ள வேண்டும்.

படிக்கும்போது வாசக அமைப்பைக் கவனித்தால் வேலை பாதியாகும். 'நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் வேறு விதமாக வகை செய்யும் வரை' என்று ஒரு பிரிவு தொடங்கினால், அதை மாற்ற மசோதா வேண்டும். அவை விதியால் முடியாது. அப்படி எந்த விலக்கும் இல்லாமல் நேராகச் சொல்லியிருந்தால், 368இன் கீழ் அரசமைப்புத் திருத்தம் வேண்டும். இரண்டிலும் சேராமல் அரசமைப்பு மௌனமாக இருக்கும் இடத்தில்தான் விதிக்கு முழுச் சுதந்திரம். சபாநாயகரை நீக்கும் தீர்மானத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பும், அப்போதைய மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும் வேண்டும் என்பது 94, 179 ஆகிய பிரிவுகளில் எழுதப்பட்டுவிட்டது; எந்த விதியும் அதை 7 நாளாகக் குறைக்க முடியாது. இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே 6 மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்பதும் (85, 174), நீதிபதிகளின் பணி சார்ந்த நடத்தையை அவையில் விவாதிக்கக் கூடாது என்பதும் (121, 211) அப்படியே. மறுபக்கம், கேள்வி நேரம் அரசமைப்பில் எங்குமே இல்லை. மக்களவையின் 32ஆம் விதிகூட 'சபாநாயகர் வேறு விதமாகப் பணிக்காவிட்டால்' என்றுதான் முதல் ஒரு மணி நேரத்தைக் கேள்விக்கு ஒதுக்குகிறது. 2014இல் மாநிலங்களவை கேள்வி நேரத்தை 11 மணியிலிருந்து 12 மணிக்கு மாற்றியபோதும், 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே இல்லாமல் போனபோதும் அரசியல் கண்டனம் எழ இடம் இருந்தது. அரசமைப்பில் சுட்டிக்காட்ட ஒரு பிரிவு இல்லை.

இனி அடிக்குறிப்புகள். கோரத்தை எடுத்துக்கொள்வோம், அதாவது அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை. நாடாளுமன்றத்தில் இது மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு என்று 100(3) சொல்கிறது. மக்களவையில் 543 பேர் என்றால் 54.3, அதாவது 55 பேர் வேண்டும். மாநிலத்தில் 189(3)இன்படி 10 பேர் அல்லது பத்தில் ஒரு பங்கு, இரண்டில் எது அதிகமோ அது. தமிழ்நாட்டுப் பேரவையின் 234க்கு 24 பேர். 32 உறுப்பினர் கொண்ட சிக்கிமில் பத்தில் ஒரு பங்கு என்பது 3.2தான், அதனால் அங்கே 10 என்ற கணக்கு பிடித்துக்கொள்ளும். இரண்டு பிரிவிலும் 'சட்டத்தின் மூலம் வேறு விதமாக வகை செய்யும் வரை' என்ற தொடர் இருக்கிறது. எனவே கோரத்தைக் குறைக்க விதித் திருத்தம் போதாது, சட்டமே வேண்டும்.

இப்போது 100, 118, 189, 208 ஆகிய பிரிவுகளின் அடிக்குறிப்பைப் பாருங்கள். 1976இன் 42வது திருத்தம், கோரம் பற்றிய உட்பிரிவுகளை 100, 189 ஆகியவற்றிலிருந்து எடுத்துவிட்டு, 118, 208 ஆகியவற்றில் 'அவையின் கூட்டத்துக்குரிய கோரம் உட்பட' என்ற சொற்களைச் சேர்க்க ஏற்பாடு செய்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், எத்தனை பேர் இருந்தால் அவை நடக்கலாம் என்பதை அவையே தன் விதியால் முடிவுசெய்துகொள்ளும்படி மாற்றப் பார்த்தார்கள் என்று பொருள். அந்த ஏற்பாடு நடைமுறைக்கு வரும் தேதி அறிவிக்கப்படவே இல்லை. பிறகு 1978இன் 44வது திருத்தத்தின் 45ஆம் பிரிவு அதை அடியோடு நீக்கியது. நீக்கம் நடைமுறைக்கு வந்தது 20-6-1979. இத்தனையும் பக்கத்தின் அடியில், மிகச் சிறிய எழுத்தில், ஒன்றிரண்டு வரியாக இருக்கிறது. அரசமைப்பு வைத்த எல்லைக்கும் அவை விதிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் துலக்கமாக எந்த விளக்க நூலும் காட்டாது.

இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. 42வது திருத்தத்தின் மூலச் சட்டத்தை மட்டும் எங்காவது படித்துவிட்டு, கோரம் விதிக்கு மாறிவிட்டது என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஒரு திருத்தம் நிறைவேறியது ஒன்று, அது நடைமுறைக்கு வந்தது இன்னொன்று. பிடிஎஃப்பின் அட்டையில் எந்தத் தேதி வரையிலான உரை என்று போட்டிருக்கும். அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 'தேதி அறிவிக்கப்படவில்லை' என்ற சொற்கள் அடிக்குறிப்பில் தென்பட்டால், அந்தத் திருத்தத்தை உரையோடு சேர்த்து வாசிக்காதீர்கள். தமிழ்ப் பதிப்பும் உண்டு, பொருள் புரிந்துகொள்ள மிக உதவும். ஆனால் அது எந்தத் திருத்தம் வரை சேர்த்தது என்று பார்த்துவிட்டே பயன்படுத்த வேண்டும். எண்ணையும் தேதியையும் ஆங்கிலப் பதிப்போடு ஒருமுறை ஒத்துப்பார்த்துக்கொள்வது நல்லது.

இந்தியா கோட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மத்திய, மாநிலச் சட்டங்களைப் பிரிவு பிரிவாகப் பார்க்கலாம். திருத்த அடிக்குறிப்புகளும் வரும். தேடுவது சட்டத்தின் பெயரும் ஆண்டும் தெரிந்தவருக்குச் சுலபம், தெரியாதவருக்குச் சலிப்பு. அவை நடைமுறை விதிகளை இங்கே தேடிப் பயனில்லை. அந்த விதிகள் சட்டமும் அல்ல, ஒரு சட்டத்தின் கீழ் அரசு வகுத்த விதியும் அல்ல. புதுச்சேரி வாசகர்களுக்கு மட்டும் இந்தத் தளம் மற்ற மூன்றையும்விட முக்கியம். புதுச்சேரிப் பேரவை 208ஆம் பிரிவின் கீழ் விதி வகுப்பதில்லை. 1963இன் யூனியன் பிரதேசங்கள் அரசாங்கச் சட்டம் தரும் அதிகாரத்தில் வகுக்கிறது. அங்கே எல்லைக்கோடு அந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது. அரசமைப்பின் மாநிலப் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு புதுச்சேரிக்கு விடை தேடினால் தவறான புத்தகத்தைப் படிப்பதாகும்.

டிஜிட்டல் எஸ்சிஆர் உண்மையிலேயே பெரிய சேவை. 1950 முதலான எஸ்சிஆர் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அறிக்கைத் தொகுதிகளை, 2024இல் தொடங்கியபோதே 519 தொகுதிகளையும் 36,308 வழக்குகளையும், இலவசமாக வைத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் சட்ட நூலகத்துக்கு நடக்க வேண்டியிருந்த வேலை. ஆனால் இரண்டு இடத்தில் கால் இடறும். பத்திரிகைகளும் வழக்கறிஞர்களும் பெரும்பாலும் மேற்கோள் காட்டுவது எஸ்சிசி என்ற தனியார் தொகுப்பின் எண்ணை. அந்த எண்ணை இங்கே போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. எஸ்சிஆர் எண்ணையோ, கட்சிக்காரர் பெயரையோ, தீர்ப்புத் தேதியையோ போட வேண்டும். இரண்டாவது, குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்ட வழக்குகளின் தலைப்பில் கட்சிக்காரர் பெயர் இருக்காது. எல்லோரும் 'கேசவ் சிங் வழக்கு' என்று சொல்வதன் உண்மையான தலைப்பு 1964இன் சிறப்புக் கருத்துக்கேட்பு எண் 1. அதை (1965) 1 எஸ்சிஆர் 413 என்று தேடினால் நேராக வந்து நிற்கும்.

தீர்ப்புகளைப் படிக்காமல் 122, 212 ஆகிய பிரிவுகளை மட்டும் படிப்பதுதான் இந்தத் துறையில் மிகப் பரவலான பிழை. 'நடைமுறை ஒழுங்கீனம் என்ற காரணத்துக்காக' அவை நடவடிக்கையின் செல்லுந்தன்மையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்பது வாசகம். கடைசிச் சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு, அவைக்குள் நடந்ததில் நீதிமன்றம் மூக்கை நுழைக்கவே முடியாது என்று சொல்லிவிடுகிறார்கள். கேள்விக்குப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005 டிசம்பரில் 11 எம்பிக்கள் நீக்கப்பட்டதை எதிர்த்த ராஜா ராம் பால் வழக்கில், 2007 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கோட்டைத் தெளிவாகப் போட்டது. விதிப்படி நடக்கவில்லை என்ற வெறும் ஒழுங்கீனத்துக்குப் பாதுகாப்பு உண்டு; அரசமைப்பையே மீறுவதற்கும் அடிப்படையான சட்ட மீறலுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அந்த வழக்கில் நீக்கம் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. கோடு எங்கே என்பதற்கே அதைப் படிக்க வேண்டும்.

நான்கு தளங்களையும் ஒரே கேள்வியில் ஓட்டிப் பார்த்தால் அவற்றின் பலமும் பலவீனமும் தெரிந்துவிடும். கேள்வி இது: அமளி செய்த உறுப்பினரை எவ்வளவு காலம் சஸ்பெண்ட் செய்யலாம்? விதிப்புத்தகத்தைத் திறந்தால், மக்களவையில் 374ஆம் விதி அந்தக் கூட்டத்தொடரின் எஞ்சிய நாட்கள் வரை என்று உச்சவரம்பு வைக்கிறது. 2001 டிசம்பரில் சேர்ந்த 374ஏ விதி, அவை நடுவே வந்து கடும் அமளி செய்பவரைச் சபாநாயகர் பெயர் சொன்ன மாத்திரத்தில், தொடர்ந்து 5 அமர்வுகளுக்கு அல்லது எஞ்சிய கூட்டத்தொடருக்கு, எது குறைவோ அதுவரை வெளியே வைக்கிறது. இங்கேயே நிறுத்திவிட்டால், நாளைக்கு அவை 374ஐத் திருத்தி ஓராண்டு என்று போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும்.

அரசமைப்பு பிடிஎஃப்பில் 101(4), 190(4) ஆகியவற்றைப் பாருங்கள். அனுமதியில்லாமல் 60 நாள் எல்லா அமர்வுகளுக்கும் வராத உறுப்பினரின் இடம் காலியானதாக அவை அறிவிக்கலாம். இந்த 60 நாளைப் பலரும் காலண்டரைப் பார்த்து எண்ணுகிறார்கள். கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்ட காலத்தையும், தொடர்ந்து 4 நாளுக்கு மேல் ஒத்திவைக்கப்பட்ட காலத்தையும் கழித்துத்தான் எண்ண வேண்டும். அடுத்து இந்தியா கோடில் 1951இன் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 151ஏ பிரிவு: காலியான இடத்துக்கு 6 மாதத்துக்குள் இடைத்தேர்தல், சில விலக்குகளோடு.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தது 2022 ஜனவரி 28இல் வந்த ஆஷிஷ் ஷெலார் தீர்ப்பு. மகாராஷ்டிரப் பேரவை 2021 ஜூலை 5 அன்று 12 பாஜக எம்எல்ஏக்களை ஓராண்டுக்கு சஸ்பெண்ட் செய்திருந்தது. நீக்கினாலாவது 6 மாதத்தில் இடைத்தேர்தல் வந்து தொகுதிக்குப் புது உறுப்பினர் கிடைப்பார். ஓராண்டு சஸ்பெண்ட் என்றால் இடமும் காலியாகாது, பேசவும் ஆளிருக்காது. தண்டனை நீக்கத்தைவிடக் கடுமையாகி, உறுப்பினரோடு தொகுதி மக்களையும் தண்டிக்கிறது என்று நீதிமன்றம் சொன்னது. அந்தக் கூட்டத்தொடரைத் தாண்டிய பகுதி அரசமைப்புக்கு முரண், சட்டத்தின் கண்ணில் இல்லாதது என்று ரத்தானது. அவை விதியை எப்படித் திருத்தி எழுதினாலும் இந்தத் தர்க்கம் குறுக்கே நிற்கும்.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது, அழகாபுரம் மோகன்ராஜ் வழக்கு. 2015 பிப்ரவரி அமளிக்காக தேமுதிக எம்எல்ஏக்கள் 6 பேரை, அவை உரிமை மீறலை விசாரிக்கும் உரிமைக்குழுவின் அறிக்கையின் பேரில் பேரவை அடுத்த கூட்டத்தொடரில் 10 நாள் சஸ்பெண்ட் செய்தது, சம்பளமும் நிறுத்தப்பட்டது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உரிமைக்குழு வீடியோ பதிவை ஆதாரமாக எடுத்துக்கொண்டது, ஆனால் அதைக் காட்டி விளக்கம் கேட்கவில்லை. பேச்சுரிமை மீறப்பட்டது என்ற வாதம் நிற்கவில்லை. சமத்துவம் பற்றிய 14ஆம் பிரிவின் இயற்கை நீதி, அதாவது ஒருவர் தரப்பைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்ற வாதம், நின்றது. அவை விதியில் 'விளக்கம் கேட்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் தேடுகிறவர் இந்த விடையை அடையவே முடியாது.

பேரவைத் தளத்துக்கு வருவோம். தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை விதிகளை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். அரசு பிடிஎஃப்களில் பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சானவையும், ஸ்கேன் செய்து ஏற்றியவையும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன; அப்படிப்பட்ட கோப்பில் தேடல் பெட்டி வேலை செய்யாது. சொல் கிடைக்கவில்லை என்றால் விதி இல்லை என்று முடிவு கட்டாமல், பொருளடக்கத்தில் விதி எண்ணைப் பார்த்துப் பக்கத்துக்குப் போங்கள்.

நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த 110 இன்னொரு குழப்பம். பேரவையின் 110ஆம் விதி, பொது முக்கியத்துவம் வாய்ந்த பொருள் குறித்துச் சபாநாயகர் இசைவோடு அமைச்சர் அறிக்கை வாசிக்க இடம் தருகிறது. அப்போது விவாதம் கிடையாது. அரசமைப்பின் 110ஆம் பிரிவோ நாடாளுமன்றத்தில் எது பண மசோதா என்று வரையறுப்பது. மாநிலத்துக்கு அதன் இணை 199. வெறும் எண்ணைப் போட்டுத் தேடினால் இரண்டும் கலந்து வரும். '110இன் கீழ் அறிவித்துவிட்டார்கள், பணம் ஒதுக்கியாகிவிட்டது' என்று எழுதுவதும் இந்த மயக்கத்தின் கிளைதான். 204(3)இன்படி, சட்டத்தால் ஒதுக்கீடு செய்யாமல் மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. விவாதமில்லாமல் அறிவிக்கலாம். ஆனால் நடப்பு ஆண்டு பட்ஜெட்டில் இடமில்லாத புதுச் செலவு என்றால், 205இன் கீழ் துணை மானியக் கோரிக்கையாக அது பேரவைக்குத் திரும்பி வந்தே ஆக வேண்டும். 110ஆம் விதியை எவ்வளவு தளர்த்தினாலும் இறுக்கினாலும் இந்த வாசல் அப்படியே இருக்கும்.

எந்தத் தளத்திலும் விடை கிடைக்காத கேள்விகளும் உண்டு. துணை சபாநாயகரை எப்போது தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு 93ஆம் பிரிவு 'கூடிய விரைவில்' என்று மட்டும் சொல்கிறது. மக்களவையின் 8ஆம் விதி தேதி குறிக்கும் பொறுப்பைச் சபாநாயகரிடம் விட்டுவிடுகிறது. 17வது மக்களவை முழு ஐந்தாண்டும் துணை சபாநாயகர் இல்லாமலே ஓடி முடிந்தது. இங்கே தேடலைக் குறை சொல்லிப் பயனில்லை. நாள் கணக்கு அரசமைப்பிலும் இல்லை, விதியிலும் இல்லை.

பிஆர்எஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பின் தளத்தையும் பலர் பரிந்துரைப்பார்கள். மசோதாவின் சுருக்கம், எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதற்கு அது நல்லது, மொழியும் தெளிவு. மேற்கோள் காட்ட மட்டும் மூல ஆவணத்துக்கே போங்கள்.

கட்சித்தாவல் விவகாரம் என்றால் தேடும் வரிசை மாறும். அந்த விதிகள் 118இன் கீழோ 208இன் கீழோ வருவதில்லை. கட்சித்தாவலைத் தடுக்கும் அரசமைப்பின் பத்தாவது அட்டவணையின் 8ஆம் பத்தி சபாநாயகருக்கு நேரடியாகத் தரும் அதிகாரத்தில் வருபவை. மக்களவைக்கு 1985இன் விதிகள், தமிழ்நாட்டுக்கு 1986இன் விதிகள். விதிகள் குழு, 7 நாள் என்ற கணக்கு இவற்றுக்குப் பொருந்தாது. சபாநாயகர் வகுத்ததை அவையில் மொத்தம் 30 நாள் வைக்க வேண்டும். அதற்குள் அவை ஏற்கலாம், மாற்றலாம், மறுக்கலாம். எதுவும் செய்யாவிட்டால் 30 நாள் முடிந்ததும் அமலுக்கு வரும். இவற்றைப் பொது விதிப்புத்தகத்துக்குள் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், தனி ஆவணமாகவே இருக்கும். இவற்றை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 1994இன் ரவி எஸ். நாயக் தீர்ப்பை எடுங்கள்: இந்த விதிகள் நடைமுறை சார்ந்தவை, அவற்றின் மீறல் வெறும் ஒழுங்கீனம் என்றது அது. 1992இன் கிஹோட்டோ ஹோலோஹான் தீர்ப்பு நீதிமன்றம் தலையிடத் தடை போட்ட அதே அட்டவணையின் 7ஆம் பத்தியையே, மாநிலங்களின் ஒப்புதல் பெறவில்லை என்பதற்காக, செல்லாது என்றது. பழைய பதிப்பில் 7ஆம் பத்தியைப் படித்துவிட்டு, நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று வாதிடுகிறவர் கையில் இருப்பது செத்துப்போன பத்தி. பிடிஎஃப்பில் அந்தப் பத்தி இன்னும் அச்சாகியிருக்கும். செல்லாது என்பதைச் சொல்ல, வழக்கம்போல், அடியில் ஒரு சின்ன எழுத்துக் குறிப்பு.